தெறிக்கும் பாகத்தைத் தடுக்கும் சுவர்: எஃகு இழை கலந்த கான்கிரீட் தேவையா?

பாலாற்றங்கரை:
ராணிப்பேட்டையில் உயர் அழுத்த வால்வுகளைச் சோதிக்கும் கொட்டகை ஒன்றுக்கு 200 மி.மீ. தடிமனில் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியுள்ளது. சோதனையின்போது ஒரு பாகம் தெறித்துச் சுவரில் மோதினால் அப்பால் நிற்கும் தொழிலாளிக்கு எதுவும் நேரக்கூடாது. கம்பி கட்டிய எம்40 (சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன் அமுக்க வலிமையுள்ள) கான்கிரீட் போதுமா, எஃகு இழையும் கலக்க வேண்டுமா?

கோட்டைவாசி:
எம்40 போதும். மோதும் பொருள் எவ்வளவு ஆழம் துளைக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை கான்கிரீட்டின் அமுக்க வலிமையும் ஜல்லியின் கடினமுமே. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லிக்கு அந்தக் கடினம் இருக்கிறது. இழை சேர்ப்பதால் அந்த ஆழம் அதிகம் குறைவதில்லை. கன அளவில் 1 சதவீதம் என்றாலே ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 78 கிலோ எஃகு செலவாகும். கலக்கும்போது இழைகள் உருண்டையாகத் திரண்டால் அந்தக் கலவையே வீண். 1806 கிளர்ச்சியின்போது ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படையினர் வேலூர்க் கோட்டைக்குள் நுழைய வாயிற்கதவுகளைத்தான் பீரங்கியால் தகர்த்தார்கள், கருங்கல் மதிலை அல்ல. கனமும் கடினமும் உள்ள சுவருக்கு வேறு துணை வேண்டியதில்லை.

காட்பாடி கட்டுநர்:
துளைக்கும் ஆழத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஐயா. ஆனால் சுவருக்கு அப்பால் நிற்பவரைக் காயப்படுத்துவது பெரும்பாலும் அந்த ஆழம் அன்று. மோதலில் எழும் அமுக்க அலை சுவருக்குள் ஓடிப் பின்முகத்தை அடைந்ததும், அங்கே தாங்குவதற்கு எதுவும் இல்லாததால், இழுவிசை அலையாகத் திரும்புகிறது. கான்கிரீட்டின் இழுவலிமையோ அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால், பொருள் சுவரைத் துளைக்காமல் பாதியில் நின்றுவிட்டாலும்கூடப் பின்முகத்துச் சில்லுகள் பெயர்ந்து வேகமாகப் பறக்கின்றன. கோட்டை மதிலின் பெருந்தடிமனில் அலை தேய்ந்துவிடும், 200 மி.மீ. சுவரில் அதற்கு அவகாசம் இல்லை.

இழை உதவுவது இங்கேதான். வைக்கோல் மிதித்துச் சேர்த்த மண்சுவர் விரிசல் விட்டாலும் உதிராமல் நிற்பதுபோல, விரிசலின் இரு கரைகளையும் இழைகள் பற்றிக்கொள்கின்றன. முனை வளைந்த எஃகு இழை கான்கிரீட்டிலிருந்து உருவப்படும்போது வளைவு நிமிர வேண்டும், உரசிக்கொண்டு வெளியேறவும் வேண்டும். மோதலின் ஆற்றலில் ஒரு பகுதி அதில் செலவாகிறது. முன்முகப் பள்ளத்தின் அகலம் குறைவதும், பின்முகம் சிதறாமல் பிடித்து நிற்பதும் இதனால்தான்.

கோட்டைவாசி:
பின்முகம்தான் கவலையென்றால் அங்கே எஃகுத் தகடு பதித்துவிடலாமே? பின்பக்கத்துக்கு அருகில் ஒரு கம்பி வலையும் வைக்கலாம். இழையின் சிறப்புக்குச் சான்றாகப் பலர் காட்டும் சம்மட்டிச் சோதனையில் 4.54 கிலோ எடை 457 மி.மீ. உயரத்திலிருந்துதான் விழுகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நடக்கும் அடியை வைத்து, அதைவிடப் பல மடங்கு வேகத்தில் தெறிக்கும் வால்வை எப்படி அளவிடுவது?

காட்பாடி கட்டுநர்:
தகடு நல்ல தடுப்பு, அதை நான் மறுக்கவில்லை. கான்கிரீட்டுக்குள் பதியும் பிடிகளோடு பற்றவைத்திருக்க வேண்டும், இல்லையேல் தகடே கழன்றுவிடும். கம்பி வலையின் நிலை வேறு. 150 மி.மீ. இடைவெளியுள்ள வலைக்கு வெளியே, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பகுதியை எந்தக் கம்பியும் பிடிப்பதில்லை, அங்கிருந்துதான் முதல் சில்லுகள் கிளம்புகின்றன. இழையோ அந்தப் பகுதியிலும் பரவியிருக்கிறது.

சம்மட்டிச் சோதனையைக் கொண்டு சுவரின் தடிமனைக் கணக்கிடக்கூடாது என்பதை ஏற்கிறேன். முதல் விரிசலுக்கும் முழு உடைவுக்கும் இடையே எத்தனை அடிகளைத் தாங்குகிறது என்று கலவைகளை ஒப்பிட மட்டும் அது உதவும்.

பாலாற்றங்கரை:
அப்படியானால் கம்பியைக் குறைத்து இழையைக் கூட்டலாமா? பிளாஸ்டிக் இழை மலிவாகக் கிடைக்கிறதே?

காட்பாடி கட்டுநர்:
இரண்டும் வேண்டாம். சுவர் முழுதாக வளைந்து முறியாமல் காப்பது கம்பி, சில்லைப் பிடிப்பது இழை; ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழை ஈரக் கான்கிரீட்டின் சுருக்க விரிசலுக்கு நல்லது, ஆனால் அதன் விறைப்பு எஃகைவிட மிகக் குறைவு. முனை வளைந்த எஃகு இழையையே வாங்குங்கள், கலவை ஓடிக்கொண்டிருக்கும்போது சிறிது சிறிதாகத் தூவச் சொல்லுங்கள், இறுகிப்போனால் தண்ணீர் சேர்க்காமல் பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் வேதிப்பொருள்) சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன் அதே கலவையில் ஒரு பலகை வார்த்து மோதச் செய்து பாருங்கள். முன்பக்கக் குழியின் ஆழத்தோடு நின்றுவிடாமல், பின்பக்கம் எவ்வளவு கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது என்று எடைபோடுங்கள்.