வீராணத்துக்கு வந்த கேபிபாரா

(குடும்பக் குழு, இரவு 9.10)

அத்தை: யாராவது முழித்திருக்கிறீர்களா? நேற்றுக் குழுவில் லிங்க் போட்டேனே, என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எழுதிய வீராணம் ஏரிக் கட்டுரை, அதைக் காணோம். மத்தியானம் ஆறு பக்கம் இருந்தது. இப்போது வெறும் வெள்ளை.

தம்பி: கூகுள் டாக்ஸ்தானே அத்தை, பயப்படாதீர்கள். லேப்டாப்பில் திறந்து, ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். மத்தியான நேரத்தைத் தொட்டு ரெஸ்டோர் கொடுங்கள்.

அத்தை: வந்துவிட்டதுடா! நீ நல்லா இருப்பே. ஆனால் அழித்தவர் பெயர் இல்லை. சாயங்காலம் மேல் மூலையில் ‘அனானிமஸ் கேபிபாரா’ என்று ஏதோ நின்றது.

தம்பி: லாகின் செய்யாமல் லிங்க் வழியாக வந்தால் கூகுள் ஒரு விலங்குப் பெயரைச் சூட்டிவிடும். லிங்க்கைப் ‘பார்க்க மட்டும்’ என்று மாற்றிவிட்டு, பிள்ளைகளின் மெயிலுக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள்.

அப்பா: கேபிபாரா என்றால்?

தம்பி: தென்னமெரிக்காவில் இருக்கிற, எலி மாதிரிக் கொறிக்கிற பெரிய விலங்கு. பாதி நேரம் தண்ணீரில்தான் கிடக்கும்.

தாத்தா: அப்போ ஏரிக்கு வந்ததில் தப்பில்லை.

அத்தை: சிரிக்காதீர்கள் அப்பா. மார்க் போட உட்கார்ந்தால் வேறு தலைவலி. ஹிஸ்டரியில் ஒவ்வொருவர் எழுதியதும் ஒரு நிறத்தில் தெரிகிறது. ஒரு பெண் நாலு பக்கம். ஒரு பையன் ஒரு வரிகூட இல்லை.

அப்பா: அவனுக்கு முட்டை போடு.

அத்தை: அங்கேதான் இடிக்கிறது அண்ணா. எந்த மதகுத் தண்ணீர் எந்த ஊருக்குப் பாய்கிறது என்று அவன்தான் தன் தாத்தாவிடம் கேட்டு வந்து சொன்னான். கட்டுரையில் உருப்படியான பக்கம் அதுதான். வீட்டில் ஒரே போன், அதையும் அவன் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். இவன் சொல்ல, அவள் டைப் செய்தாள். நிறம் அவளுடையது. பராந்தக சோழனின் ‘வீரநாராயணன்’ பட்டப்பெயரிலிருந்து ஏரிக்குப் பெயர் வந்தது, சென்னைக்குக் குடிநீர் போகிறது என்ற பக்கமோ ஒரே மூச்சில் விக்கிப்பீடியாவிலிருந்து ஒட்டியது!

நான்: தமிழ் விக்கிப்பீடியாவிலும் 2003 முதல் யார் எதைச் சேர்த்தார் என்ற வரலாறு பதிவாகிறது அத்தை. ஆனால் அங்கே சான்றும் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் கமெண்டாக ‘இதை யார் சொன்னார்’ என்று எழுதட்டும். அவன் தாத்தாவும் உள்ளே வந்துவிடுவார்.

அத்தை: நல்ல யோசனை கண்ணு. லேப் பீரியடில் அவனையே உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். இரு, இப்போதும் உள்ளே ஏதோ ஒரு விலங்கு நிற்கிறது!

தம்பி: இன்னும் லிங்க்கை மாற்றவில்லையா?

தாத்தா: அது நான்தான் அம்மா. நீ அனுப்பிய லிங்க்கைப் பேரனின் பழைய லேப்டாப்பில் திறந்தேன். ‘மதகு’க்குப் பதில் ‘மதுகு’ என்று இருந்தது, திருத்தினேன்.

அத்தை: அப்பா... சாயங்காலமும் திறந்தீர்களா?

தாத்தா: திறந்தேன். எல்லாம் நீலமாக மாறியது. ஏதோ ஒரு பட்டனைத் தட்டினேன்.