பாத்தியை வெட்டினது யாரு?

முத்துநகரான்:
நேற்று கணியன் சார் எழுதினது: “சீரற்ற நிலையிலிருந்து ஒழுங்கு தானா வராது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இடம் கொடுக்காது. குப்பைமேட்டில் சூறாவளி புகுந்தால் போயிங் 747 கிடைக்குமா?” அதுக்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேற. படிச்சதிலிருந்து மனசு ஆறல.

சார், ஒரு தடவை தூத்துக்குடிப் பக்கம் வாங்க. எங்கப்பா உப்பளத்துல வேலை பார்த்தவர். காற்று ஓய்ந்த மத்தியானம் பாத்தி ஓரம் குத்தவச்சு உட்கார்ந்தா, தண்ணி மேல சின்னச் சின்னச் சில்லு மிதக்கும். ஒண்ணை விரல் நுனியில எடுத்துப் பாருங்க: சதுர வாய், உள்ளே படிப்படியா இறங்கும். குட்டித் தெப்பக்குளம் மாதிரி. அதை எந்தக் கொத்தனாரும் கட்டல. கரைசல்ல தறிகெட்டு அலையுற சோடியமும் குளோரினும் தானா அடுக்கிக்கிட்டது. ஒவ்வொரு அயனியைச் (மின்னூட்டம் உள்ள அணு) சுத்தியும் எதிர் அயனி ஆறு. பிராக் அப்பாவும் மகனும் எக்ஸ் கதிரை விட்டு இதைக் கண்டுபிடிச்சு 1915ல நோபல் வாங்கியாச்சு. உங்களுக்குச் சேதி இன்னும் வரலையா?

கணியன்:
தம்பி, 38 வருஷம் கொதிகலனோட குடும்பம் நடத்தினவன் நான். எனக்கே வெப்ப இயக்கவியல் பாடமா? ஒரே கேள்வி. அந்தப் பாத்தியை வெட்டினது யாரு?

முத்துநகரான்:
பாத்தியை ஆள் வெட்டினான். உப்பை ஆள் அடுக்கல. வித்தியாசம் தெரியுதா?

கணியன்:
ஆக, ஆள் வெட்டினான். ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

மலர்விழி:
வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் ஒரு சொல். இரண்டாம் விதி தனித்த அமைப்புக்குத்தான், அதாவது வெளியோடு வெப்பமும் பொருளும் கொடுத்து வாங்காத அமைப்புக்கு. உப்பளத்துக்கு மேலே சூரியன் இருக்கிறது, நீராவி வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. உள்ளே ஒழுங்கு கூடினால் வெளியே குலைவு அதைவிடக் கூடும். கணக்கு நேராகிவிடும்.
அது இருக்கட்டும், ‘ஒழுங்கு’ என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? உப்புப் படிகமும் விமானமும் ஒரே வகை ஒழுங்கா?

முத்துநகரான்:
டீச்சர் சொன்னது கேட்டுச்சா சார்? தனித்த அமைப்பு! அந்த போயிங் உவமையும் உங்களோடது இல்ல, பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் சொன்னது. பிரபஞ்சம் பெருவெடிப்புல தொடங்குச்சுங்கிற கொள்கைக்கு ‘பிக் பேங்’னு 1949ல வானொலியில பேர் வச்சதும் அவர்தான், கடைசி வரைக்கும் அதை ஏத்துக்காம இருந்ததும் அவர்தான். நல்ல ஆளைப் பிடிச்சீங்க.

கணியன்:
ஹாயிலைக் கிண்டல் பண்ற அளவுக்கு வளர்ந்தாச்சு. சந்தோஷம். பாத்தி?

வேதைக்காரன்:
எங்க ஊருக்கு வாங்க. வேதாரண்யம் சதுப்புல கோடையில தண்ணி வத்தினா பாத்தி வெட்டாமலே உப்பு விளையும். தானா விளையிற உப்புதான் அசல் உப்பு. 1930ல ராஜாஜி எங்க ஊருக்கு நடந்து வந்தார், தூத்துக்குடிக்கு இல்ல.

முத்துநகரான்:
வேதைக்காரரே, ஆதரவுக்கு நன்றி. ஆனா ‘அசல் உப்பு’ன்னு சொன்னதை வாபஸ் வாங்கணும். சதுப்புல விளையிறது எல்லா உப்பும் கலந்தது. எங்க பக்கம் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்துவாங்க. முதல்ல ஜிப்சம் படியும். அதைத் தனியா விட்டுட்டு, தண்ணியோட அடர்த்தி போமே மானியில 25 டிகிரிக்கு வந்தப்புறம்தான் உப்பு பிடிக்கும். மக்னீசியம் கசப்பு சேர்றதுக்குள்ள மிச்சத் தண்ணியை வடிச்சிருவாங்க. அது தொழில் சுத்தம்.

கணியன்:
அருமை. தண்ணியை மாத்துறது, டிகிரி பார்க்குறது, கசப்பை வடிக்கிறது. எல்லாத்துக்கும் ஆள். இதுதான் ‘தானாக’வா? என் கட்சிக்கு நீங்களே சாட்சி.

முத்துநகரான்:
அது சுத்தமான உப்புக்கு! படிகத்துக்கு இல்ல! சார் வேணும்னே திரிக்கிறார். போன கிரகணத்தப்போ சாம்பார்ல தர்ப்பை போட்டா கதிர்வீச்சு அண்டாதுன்னு எழுதினவர்தானே.

கணியன்:
தர்ப்பை விஷயத்தை இழுக்க வேண்டாம். அதில் நீங்கள் பேசிய தரக்குறைவான வார்த்தைகள் எல்லாம் என்னிடம் சேமிப்பில் உள்ளன.

வேதைக்காரன்:
கலந்த உப்புன்னா என்ன அர்த்தம்? எங்க பாட்டன் காலத்துல ஊரே அதைத்தான் தின்னுச்சு.

சுண்டைக்காய்:
உப்பு எதுக்கு? உடுப்பி மல்பே கடலோரம் செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போங்க. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி வெடிச்சு, ஐந்து பட்டை, ஆறு பட்டைத் தூணா வரிசையா நிக்குது. சுமார் 88 மில்லியன் வருஷப் பழசு. அங்கே மம்பட்டியோட யாரும் போயிருக்க வாய்ப்பில்ல.
ஆனா கணியன் சார் பக்கமும் ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் சீரற்றதிலிருந்து வந்ததா, இல்ல முன்னாடியே இருக்கிற இயற்பியல் விதியிலிருந்து வந்ததா?

மலர்விழி:
நல்ல கேள்வி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1951ல் சோவியத் வேதியியலாளர் பெலூசோவ் ஒரு கரைசல் மஞ்சளாகி, நிறமிழந்து, மறுபடி மஞ்சளாகி மாறிக்கொண்டே இருப்பதைக் கண்டார். ‘நடக்கவே நடக்காது’ என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் 1970ல் இறந்தார். லெனின் பரிசு 1980ல்தான் வந்தது. சமநிலைக்கு வெளியே ஒழுங்கு எப்படி வருகிறது என்று காட்டிய வேதியியலாளர் பிரிகோஜினுக்கு 1977ல் நோபல். இப்போதாவது ‘ஒழுங்கு’க்கு ஒரு வரையறை…

முத்துநகரான்:
பார்த்தீங்களா, பெலூசோவை அன்னைக்குத் திருப்பி அனுப்பினவங்க எல்லாம் கணியன் சார் சொந்தக்காரங்க. டீச்சர், வரையறை அப்புறம். முதல்ல இவர் பாத்தியை விடட்டும். சார், கடலோரப் பாறைக் குழியில அலைத் தண்ணி தேங்கி வத்தினா உப்பு பூக்குது. அங்கே பாத்தி யாரு வெட்டினா? குஜராத்துல கட்ச் ரண் உப்புவெளியில வெட்டினது யாரு? பொலிவியாவுல சலார் தெ உயுனி, சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் உப்புப் பாளம், தரை பூரா தேன்கூடு மாதிரிக் கட்டம். அதை வெட்டினது யாரு? பதில்!

கணியன்:
பொலிவியாவை நீங்கள் பார்த்தீர்களா? தூத்துக்குடியில் ஆரம்பித்தது நீங்கள். தூத்துக்குடிப் பாத்திக்கே இன்னும் பதில் வரவில்லை.

முத்துநகரான்:
மூணு தடவை சொல்லிட்டேன். ஆள் வெட்டினான்! ஆள் வெட்டினான்! ஆனா தண்ணிக்குள்ள போய் அயனியைக் கையில பிடிச்சு அடுக்கல!

கணியன்:
நான்காவது தடவையும் ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

வேதைக்காரன்:
தமிழ்நாடு உப்புல ரெண்டாவதுன்னு பெருமை பேசுறவங்க, முதலிடம் குஜராத்னு சொல்ல மாட்டாங்க. அந்தக் குஜராத்காரர் யாரும் எங்க உப்பைக் கலந்ததுன்னு சொன்னதில்ல.

முத்துநகரான்:
வேதைக்காரரே, உங்களுக்குத் தனியா இழை தொடங்கிக் குடுக்கிறேன், அங்கே வாங்க. கணியன் சார், ஞாயித்துக்கிழமை உப்பளம் போறேன். அந்த மிதக்கிற சில்லைக் கிட்டத்துல படம் எடுத்துப் போடுறேன். அப்புறம் பேசுவோம்.

கணியன்:
போடுங்கள். ஓரத்தில் மம்பட்டி தெரியாமல் எடுங்கள்.