செம்பனை இலையின் கார்பன்-13 அளவும் குலை எடையும் முரண்படுகின்றன: விளக்கம் தேவை

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

வணக்கம். எங்கள் ஊரையொட்டிய தோட்டத்தில் முதுகலை ஆய்வுக்காகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) இலைகளில் கார்பனின் கனமான வகையான கார்பன்-13-இன் விகிதத்தை அளந்து வருகிறேன். அது ஒரு பொது அளவுகோலைவிட எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண், மேட்டு நிரைகளில் ஆயிரத்துக்கு மைனஸ் 27.2 என்றும், வாய்க்காலையொட்டிய பள்ளத்து நிரைகளில் மைனஸ் 29.4 என்றும் கிடைத்தன. மைனஸ் அளவு குறைந்தால் மரம் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது என்று படித்தேன். ஆனால் மேட்டில்தான் குலைகள் சிறுத்திருக்கின்றன. ஆய்வகத்தில் பிழை நேர்ந்திருக்குமா?

மறுமொழி

தம்பி, செம்பனைக்கு இவை இயல்பான எண்களே; சோளத்தில்தான் மைனஸ் 12-ஐ ஒட்டி வரும். இலைத்துளை ஒடுங்கினால் இலைக்குள் கரியமில வாயு குறைந்து, கனமான கார்பன்-13-ஐ ஒதுக்கும் வாய்ப்பும் குறைகிறது; அதனால் மைனஸ் அளவும் குறைகிறது. 1982-இல் தாவர ஆய்வாளர் ஃபார்குவாரும் அவருடைய சகாக்களும் தந்த சமன்பாட்டில் உங்கள் எண்களைப் போட்டால், இலையின் உள்ளே இருக்கும் வாயுவுக்கும் வெளியே இருப்பதற்குமான விகிதம் மேட்டில் ஏறக்குறைய 0.66, பள்ளத்தில் 0.76. ஆகவே மேட்டு மரம் தாகத்தால் துளையை மூடிக்கொண்டு, நீரோடு ஒளிச்சேர்க்கையையும் இழந்திருக்கலாம். இந்த அளவு ஒரு விகிதத்தைச் சொல்கிறதே தவிர, மரம் குடித்த நீரையோ தந்த விளைச்சலையோ சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் இதே அளவைக் கொண்டு தேர்ந்தெடுத்து 2002-இல் வெளியிட்ட டிரைஸ்டேல் கோதுமை, மண்ணில் சேமித்த ஈரத்தை நம்பி வளரும் வறண்ட நிலங்களுக்கானது. நீர்ச் சிக்கனம் நல்லது என்ற அந்த முடிவை அப்படியே பேராக்கின் மழைக்குக் கொண்டுவர இயலாது.

துளை மூடியதா, ஒளிச்சேர்க்கைத் திறனே மாறியதா என்று பிரித்தறிய அதே இலைத்தூளில் ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18-ஐயும் அளந்து பாருங்கள். வேர் நீரை உறிஞ்சும்போது நீரின் ஆக்சிஜன்-18 விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை, துளை வழியே இலையில் ஆவியாகும்போதுதான் மாறுகிறது. எனவே இரு இடத்து மரங்களும் எந்த நீரைக் குடிக்கின்றன என்பதையும் அளக்க வேண்டும். இருக்கட்டும், உச்சியிலிருந்து எண்ணினால் எத்தனையாவது மட்டையில் இலை எடுத்தீர்கள்?

கேட்டவர்

ஐயா, மேட்டில் 17-ஆவது மட்டையில் எடுத்தேன். பள்ளத்து மரங்கள் உயரமானவை என்பதால், குலை வெட்டுபவர்கள் வெட்டிப் போட்டிருந்த அடிமட்டைகளில் எடுத்துவிட்டேன்.

மறுமொழி

அப்படியென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். அடிமட்டை நிழலில் இருப்பது. அங்கே துளை திறந்திருந்தும் ஒளிச்சேர்க்கை குறைவு என்பதால், நீர் எப்படியிருந்தாலும் மைனஸ் அளவு கூடிவிடும். இரு இடத்திலும் 17-ஆவது மட்டையின் நடு இலைகளையே, வெயில் படும் பக்கத்திலிருந்து, ஒரே வாரத்தில் எடுங்கள். அந்த எண்கள் வந்தபின் குலை எடையோடு ஒப்பிடுவோம்.