மறு: டிரைவரின் 'ஃபர்கிவ்னஸ்' – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கோல்ஃப் கட்டுரைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை 'டிரைவர்' என்ற சொல்லையே, அதாவது முதல் அடியை நெடுந்தூரம் அடிக்கும் மட்டையின் பெயரையே, சுற்றிச் சுற்றி வருகிறது. உந்துகோல், முதலடிக்கோல், நெடுமட்டை என்று வரிசையாக வந்து, கடைசியில் ஒருவர் 'ஓட்டுநர் மட்டை' வரைக்கும் போய்விட்டார். என்னைக் கேட்டால் டிரைவரை டிரைவர் என்றே விட்டுவிடலாம். பையைத் தூக்கி வரும் கேடியும் கடையில் விற்பவரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நாம் உந்துகோல் என்று எழுதினாலும் படிப்பவர் அதை மனத்துக்குள் டிரைவர் என்று மாற்றிக்கொண்டுதான் படிப்பார். குழிப்பந்தாட்டம் என்ற பெயரையும் தலைப்பில் ஒருமுறை போட்டுவிட்டு உள்ளே கோல்ஃப் என்றே எழுதலாம். பொருளைக் கையில் வைத்துக் காட்டிவிட முடியும், அதனால் பெயர் எதுவானாலும் யாரும் குழம்பப் போவதில்லை. தவறி அடித்தாலும் மட்டை அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் 'ஃபர்கிவ்னஸ்' போன்ற குணத்தை அப்படிக் காட்ட முடியாது. அங்கேதான் நல்ல சொல் வேண்டும், வாங்குகிறவர் காசை விடுகிற இடமும் அதுதான்.

> 'மன்னிப்பு' என்றால் சிரிப்பார்கள். கணினித் துறையில் இருக்கிற 'பிழைபொறுமை'யை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தப் பிழையைப் பொறுக்கிறது என்று அந்தச் சொல் சொல்லவில்லையே. டிரைவர் விளம்பரத்தில் 'ஃபர்கிவிங்' என்று பார்த்ததும் புதிதாக ஆடுபவர் என்ன நினைக்கிறார்? 'எனக்குப் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகிறது, இந்த மட்டை அதைச் சரிசெய்துவிடும்' என்று நினைக்கிறார். செய்யாது. நாம் பிழைபொறுமை என்று எழுதினால் அதே மயக்கத்தைத் தமிழிலும் கொண்டுவந்து இறக்கிவிடுவோம்.

உள்ளே நடப்பது இதுதான். பந்து மட்டை முகத்தின் நடுவில் படாமல் நுனிப்பக்கமோ தண்டை ஒட்டிய குதிப்பக்கமோ பட்டால், மோதுகிற அந்தக் கணத்தில் மட்டையின் தலை சற்றே திரும்பிவிடும். திரும்பியதில் பந்துக்குப் போக வேண்டிய வேகம் கொஞ்சம் வீணாகும், திசையும் கொஞ்சம் மாறும். தலையின் எடையை ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளி வைத்துச் செய்தால் அது அவ்வளவு எளிதில் திரும்பாது, நடு தப்பின அடிக்கும் தூரம் பெரிதாகக் குறையாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதைக் கூட்டுவதுதான் இந்த 'ஃபர்கிவ்னஸ்' முழுவதும். 1991இல் கேலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் வந்தபோது அதன் தலை 190 கன சென்டிமீட்டர், அதுவே அன்றைக்குப் பூதமாகத் தெரிந்தது. இன்றைக்கு விதி 460 வரை விடுகிறது, பெரும்பாலான டிரைவர்கள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றன. தலை பெருத்ததற்கு எடையை நடுவிலிருந்து தள்ளி வைக்க இடம் கிடைக்கும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, தாங்குவது ஒன்றே ஒன்று: பந்து படும் இடம் தப்புவது. வீச்சின் பாதை கோணலாக இருந்தாலோ முகம் திறந்தபடி, அதாவது இலக்கை விட்டு வலப்பக்கம் பார்த்தபடி, வந்தாலோ நட்டநடுவில் பட்டாலும் பந்து வளையத்தான் செய்யும்.

அதனால் நான் முன்வைப்பது: நடு தப்பின அடிக்குப் பிசகடி. அதைத் தாங்குகிற குணத்துக்குப் பிசகுதாங்கல். 'பிசகு தாங்கும் டிரைவர்' என்று கடையில் வாயாலும் சொல்லலாம்.

> பிசகு பேச்சுச் சொல் மாதிரி இருக்கிறது. கலைச்சொல்லுக்குக் கொஞ்சம் கனம் வேண்டாமா?

நரம்பு பிசகிவிட்டது என்கிறோம். நரம்பு தப்பு செய்துவிட்டது என்றா பொருள்? இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நமக்கு வேண்டியதும் துல்லியமாக அதே பொருள்தான், பிழை என்ற சொல்லில் அது கிடைக்காது. கனம் வேண்டுமானால் 'விலகுமோதல் ஏற்புத்திறன்' என்று ஒன்று கட்டித் தருகிறேன், யாராவது அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. 2024இல் பிங், டெய்லர்மேட் என்ற மட்டை நிறுவனங்கள் இரண்டும் 'பத்தாயிரம்' என்று போட்டு விற்கத் தொடங்கின. அது நிலைமத் திருப்புத்திறனின் எண், விதி சொல்லும் எல்லையோ 5900 கிராம் சதுர சென்டிமீட்டர், அதற்குமேல் 100 வரை சலுகை உண்டு. அப்படியானால் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? விதி பார்ப்பது செங்குத்து அச்சைச் சுற்றின திருப்பத்தை, அதாவது நுனி–குதிப் பக்கப் பிசகை மட்டும். மேல்–கீழ்ப் பிசகுக்கான எண்ணையும் அதோடு கூட்டித்தான் பத்தாயிரம் காட்டுகிறார்கள். பொய் இல்லை, ஆனால் கூட்டல் கணக்கு. நம் கட்டுரையில் 'பக்கப் பிசகுதாங்கல்', 'மேல்கீழ்ப் பிசகுதாங்கல்' என்று பிரித்து எழுதிவிட்டால் படிப்பவருக்கே விளங்கிவிடும். பிழைபொறுமையை இப்படிப் பிரித்துப் பாருங்கள், இடறும்.

சரி, மட்டை முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமான 'லாஃப்ட்'டுக்கு வருவோம். முகச்சாய்வு என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு முழுச் சம்மதம். 'ஏற்றக்கோணம்' வேண்டவே வேண்டாம், ஏனென்றால் மட்டையின் கோணமும் பந்து கிளம்பும் கோணமும் வேறு வேறு. கிளம்புவதற்கு நம் இயற்பியல் புத்தகத்தின் எறிகோணமே போதும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் 9 பாகை டிரைவரை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் 9 வைத்திருக்கிறார்களாம், 12 வைத்திருந்தால் கிழவர் மட்டை என்று பக்கத்தில் நிற்பவர் சிரிப்பாராம்!

வீச்சையும் பந்தையும் அளக்கும் கருவி செய்யும் ட்ராக்மேன் முன்பு வெளியிட்ட சராசரிகளைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆண்களின் வீச்சு வேகம் மணிக்கு 113 மைல் அளவில். அதேபோலப் பெண்களுக்கான எல்பிஜிஏ தொடரில் 94. சாதாரணமாக ஆடும் ஆண்களின் சராசரியும் 93ஐ ஒட்டித்தான். அப்படியென்றால் நம்மாள் பார்த்துப் படிக்க வேண்டியது யாரை? அந்தப் பெண்கள் மட்டையைச் சுமார் 3 பாகை மேல்நோக்கி வரும்படி வீசுகிறார்கள், பந்து 13 பாகையில் எழும்பி 218 கெஜம் பறந்தே போய் விழுகிறது. ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களோ சராசரியாக ஒரு பாகை கீழ்நோக்கி அடித்து, 11 பாகைக்குள் பந்தைக் கிளப்பியும் 275 கெஜம் தாண்டுகிறார்கள், அவர்களுக்கு வேகம் இருக்கிறது. வேகம் குறைந்தவர் முகச்சாய்வையும் குறைத்தால் பந்து எழும்பாமலே விழும். 10.5, 11, 12 என்று மேலே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாய்வு கூடக் கூடப் பின்சுழற்சி கூடிப் பக்கவாட்டு வளைவு குறைகிறது என்பது உபரி லாபம். வலப்பக்கம் வளைகிறது என்று அழுகிறவருக்குப் பிசகுதாங்கலைவிட இதுதான் உதவும், அப்புறம் குதிப்பக்கம் எடை வைத்த மாடல்களும் உண்டு. பந்தை இடப்பக்கம் வளைக்கச் சாயும் அவற்றை 'டிரா பயஸ்' என்கிறார்கள். 'இடச்சாய்வு' என்று வைத்தால் முகச்சாய்வோடு குழம்பும், இடக்கை ஆட்டக்காரருக்குப் பொருளும் தலைகீழாகிவிடும். 'உள்வளைவுச் சார்பு' என்று ஒன்று தோன்றுகிறது, யாருக்காவது இதைவிட நல்லது தெரிந்தால் சொல்லுங்கள்.

> ஆனால் எனக்கு எது வேண்டும் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் அளவுக்கருவி இருக்கிற இடத்துக்குப் போக முடியுமா?

இந்தக் கேள்விக்குக் கட்டுரையில் தனிப் பத்தி வேண்டும். செலவில்லாத வழி இருக்கிறது. காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே கிடைக்கும், அதை டிரைவர் முகத்தில் மெல்லிசாக அடித்துவிட்டுப் பந்தை அடியுங்கள். பட்ட இடத்தில் பந்தின் குழிகள் சின்னச் சின்ன வட்டமாகப் பதிந்திருக்கும். துடைக்காமல் நாலைந்து அடி அடித்தால் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கதையைச் சொல்லிவிடும். தடங்கள் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் பிசகுதாங்கல் கூடின தலைக்குக் காசு கொடுக்கலாம். எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் குதியை ஒட்டியே விழுந்தால் தலையை மாற்றிப் பயனில்லை. நிற்கும் தூரத்தையோ தண்டின் நீளத்தையோ பார்க்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்குக் குதியில் பட்ட பந்து வலப்பக்கம் வளையும்படி சுழன்றுகொண்டு போகும், நுனியில் பட்டது எதிர்ப்பக்கம் சுழலும். தன் வீச்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவருக்குச் சில சமயம் கோளாறு இங்கேதான் இருக்கும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வருவது பெரும்பாலும் நாற்பத்தைந்தரை அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். டைகர் வுட்ஸ் 1997 வாக்கில் 43.5 அங்குல எஃகுத் தண்டோடு ஆடினார். நீளம் கூடினால் வேகம் கூடலாம், நடுவில் படுவது குறையும். ஓர் அங்குலம் குறைத்துப் பிடித்து அடித்துப் பார்க்கக் காசா பணமா?

தண்டு எவ்வளவு வளையும் என்று சொல்லும் 'ஃப்ளெக்ஸ்' பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. வளைமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் காட்டத் தண்டில் போடும் ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்) என்ற எழுத்துகளுக்குப் பொது அளவே கிடையாது, ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் போல இருக்கும் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். கடைக்காரர் எழுத்தைக் காட்டி விற்றால் தண்டின் எடை எத்தனை கிராம் என்று கேட்கச் சொல்லுங்கள், அது மெய்யான எண்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பாடநூலில் நிலைமத்துக்குச் சடத்துவம் என்றுதானே வரும்? கட்டுரையில் இரண்டையும் போட்டுவிடலாமா, அல்லது பிசகுதாங்கல் என்ற சொல்லே போதும், இயற்பியல் பெயரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. மறுப்பு இருப்பவர்கள் வரைவு ஏறுவதற்கு முன் எழுதிவிடுங்கள். 'ஓட்டுநர் மட்டை'க்காரர் மட்டும் தயவுசெய்து மறுபடி தொடங்க வேண்டாம்.