வெஞ்சுரா நிறுவலின் நடுவே திரை கருத்துவிடுகிறது

கேள்வி (காட்பாடி):
இன்டெல் ஐ5-8250யூ செயலியும் என்விடியா எம்எக்ஸ்150 கிராபிக்ஸும் உள்ள என் லேப்டாப்பில், ஓப்பன்கோர் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸைத் துவக்க உதவும் மென்பொருள்) வழியாக ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் வெஞ்சுராவை நிறுவ மூன்று இரவுகளாக முயன்று வருகிறேன். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி முடிந்ததும் திரை கருத்துவிடுகிறது. விசிறி மட்டும் வேலூர் வெயிலோடு போட்டியிட்டுச் சுழல்கிறது. என்விடியாதான் காரணமா?

பதில் (சத்துவாச்சாரி):
ஓரளவுக்கு அதுதான். எம்எக்ஸ்150 என்விடியாவின் பாஸ்கல் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கான டிரைவர் 2017-இல் வந்த மேக்ஓஎஸ் ஹை சியராவோடு நின்றுவிட்டதால், எஸ்எஸ்டிடி கோப்பு (வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்வது) ஒன்றைச் சேர்த்து எம்எக்ஸ்150-ஐ அணைத்துவிடுங்கள். ஆனால் திரை கருப்பது பெரும்பாலும் செயலிக்குள்ளேயே இருக்கும் இன்டெல் யூஎச்டி 620 கிராபிக்ஸால்தான். ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பில், அந்த கிராபிக்ஸை மேக்ஓஎஸுக்கு அடையாளம் காட்ட, பிளாட்ஃபார்ம் ஐடியாக 0000சி087-ஐயும், டிவைஸ் ஐடியாக 16590000-ஐயும் கொடுங்கள். பின்னது 5916 என்பதைப் பைட் வரிசை மாற்றி எழுதுவது, இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பயாஸில் டிவிஎம்டி (கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகம்) அளவு 32 எம்பியிலேயே பூட்டப்பட்டிருந்தால், அந்த அளவிலேயே இயங்க வைக்கும் ஸ்டோலன்மெம் பேட்ச்சும் தேவைப்படும்.

பதில் (குடியாத்தம்):
முந்தைய பதில் சரியே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஆப்பிளின் உரிம விதிகள் பிற நிறுவனக் கணினிகளில் மேக்ஓஎஸை நிறுவ அனுமதிப்பதில்லை. இன்டெல் செயலி உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025-இல் அந்நிறுவனமே அறிவித்துவிட்டதால், அன்றாட அலுவலக வேலைக்கு இதை நம்பியிருக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. டிவைஸ் ஐடியை நான் 59160000 என்று நேராகவே எழுதியிருந்தேன். மாற்றியதும் மொழித் தேர்வுத் திரை வந்துவிட்டது. டச்பேட் மட்டும் இன்னும் அசையவில்லை.