போட்டோவைக் காட்டி "இந்த வயிறு வேணும்" என்பவர்களுக்கு: பயிற்சி தருபவர்களின் அனுபவப் பகிர்வு

எடைப் பயிற்சியாளர்

முதல் நாளே போனை நீட்டி, "மேடம், இந்த மாதிரி வயிறு எத்தனை மாசத்துல வரும்?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தப் போட்டோ எப்படி எடுக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேலிருந்து விழும் வெளிச்சம், பயிற்சி முடிந்த கையோடு ரத்தம் ஏறிப் புடைத்திருக்கும் தசை, காலி வயிறு, இடுப்பைக் கொஞ்சம் திருப்பி மூச்சை இழுத்துப் பிடித்த நிலை. மேடைப் போட்டிக்குப் போகிறவர்கள்கூட வாரக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்து, அந்த உடம்போடு சில நாட்கள்தான் இருப்பார்கள். போட்டோவில் இருக்கும் அதே பெண் உட்கார்ந்தால் அவர் வயிற்றிலும் மடிப்பு விழும். தோல் மடங்கினால்தானே குனிய முடியும்!

பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் 6 முதல் 8 வாரத்துக்குள் நிற்கிறார்கள். காரணம் இதுதான்: அந்த வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளால் வருவது. ஏற்கெனவே இருக்கும் தசை நார்களை மூளை அதிகமாக, ஒரே சமயத்தில் இயக்கப் பழகுகிறது. 4 கிலோ தூக்கிய கை 7 கிலோ தூக்கும், ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. "எனக்கு மட்டும் ஒண்ணும் நடக்கல" என்ற எண்ணம் வருவது சரியாக அங்கேதான்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். ஒரு பக்கம் இப்படி இருந்தால் போதும்: "செவ்வாய். நாற்காலி ஸ்குவாட், 6 கிலோ, 8 – 8 – 8. கடைசி செட்டில் இன்னும் 2 முடிந்திருக்கும்." நாற்காலி ஸ்குவாட் என்பது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது; 8 – 8 – 8 என்றால் எட்டெட்டு முறையாக மூன்று சுற்று, ஒரு சுற்றுதான் ஒரு செட். உயிர் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு நாள் பயிற்சியிலும் "இன்னும் 2" என்று எழுதினால் எடையைக் கூட்டலாம். டம்பெல்லில் 1 அல்லது 2 கிலோ ஏற்றினால் போதும். அடுத்த எடை ரொம்பத் தள்ளி இருந்தால் எண்ணிக்கையை 8-லிருந்து 12 வரை கொண்டுபோய், பிறகு எடையை ஏற்றி மறுபடி 8-க்கு வரவும். பக்கத்தில் நிற்பவர் 15 கிலோ தூக்குகிறார் என்று அதையே எடுத்தால் முதுகு வளையும், கை வீசித் தூக்கும், மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று செய்வதும் நல்ல பழக்கம். நிலை சரிதானா என்று பார்க்கப் போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஒரே ஒரு செட் எடுங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறதா, முதுகு வளைகிறதா என்பதை மட்டும் பாருங்கள். முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்பது பக்கவாட்டில் தெரியாது, அதற்கு இன்னொரு செட் எதிரிலிருந்து. பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

"எடை தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேனா?" என்ற பயத்துக்கும் பதில் உண்டு. தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. பெரிய தசைக்கு வருடக்கணக்கில் திட்டமிட்ட பயிற்சியும் அதற்கேற்ற சாப்பாடும் வேண்டும். யாருக்கும் தெரியாமல் வந்துவிடாது.

பிசியோதெரபிஸ்ட்

எடை மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் 1 முதல் 2 கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் தங்கும். உப்பு கூடினாலும், கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாளும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் தண்ணீர் தேங்கும். எடை பார்த்தே ஆக வேண்டும் என்றால் இந்த மாதச் சுழற்சியின் 7-ஆம் நாளைப் போன மாதத்து 7-ஆம் நாளோடு ஒப்பிடுங்கள். நேற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரைத்தான் அளக்கிறீர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. என்பதும் 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடோல்ப் கெட்லே மக்கள் கூட்டத்தின் சராசரிக்காகப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. தசை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது.

போட்டோவைத் துரத்தி, பயிற்சியைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைப்பவர்களிடம் பார்க்கும் அடையாளங்கள்: தூக்கம் கெடும், எப்போதும் குளிரும், நோட்டில் எண்கள் இறங்கும், மாதவிடாய் தள்ளிப்போகும். சிலர் மாதவிடாய் நின்றதைப் பயிற்சி பலிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்து. சாப்பாடு போதாமல் உடம்பு ஹார்மோன்களைக் குறைக்கிறது, எலும்பு மெலிகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்தது. இது வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதில்லை. 3 மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ, முழங்கால் கீழ் எலும்பில் விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலித்தாலோ ஓடுவதை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வருகிறவர்கள் "தட்டையான வயிறு" என்று நேராகப் பிளாங்க்கில் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கி நிற்பது) இறங்குவதும் அடிக்கடி நடக்கிறது. முதலில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவில் மேடு போல் எழும்பினாலோ பிளாங்க்கும் சிட் அப்பும் இப்போதைக்கு வேண்டாம். மூச்சை வெளியே விட்டபடி குதிகாலைத் தரையில் தேய்த்துக் காலை நீட்டி மடக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். குதிக்கும்போது சிறுநீர் கசிவது பலருக்கு உண்டு, சரிசெய்யவும் முடியும். சிறுநீரை அடக்குவது போல இறுக்கித் தளர்த்துவது 8 முறை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை இறுக்கினால் பயன் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழக வேண்டாம்.

குழு வகுப்பு நடத்துபவர்

மேலே விட்டுப்போனது ஸ்போர்ட்ஸ் பிரா. மார்பைப் பார்ப்பார்கள் என்று ஓட்டத்தையே விட்டவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் பிரச்சினை அளவில்தான். பெரும்பாலான தாங்குதல் மார்புக்குக் கீழே சுற்றும் பட்டையிலிருந்து வருகிறது, தோள் பட்டையிலிருந்து அல்ல. கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. இரு கையையும் தலைக்கு மேல் தூக்கும்போது பட்டை மேலே ஏறினால் அது தளர்வு. தோளில் பள்ளம் விழுந்தாலும் அதே காரணம்தான்: கீழ்ப்பட்டை தாங்க வேண்டியதைத் தோள் சுமக்கிறது. வாங்கும் இடத்திலேயே பத்து முறை குதித்துப் பாருங்கள்.

வேகத்துக்கு முன்வரிசையைப் பார்க்க வேண்டாம், பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடும் வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகம், கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. இடுப்பு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

புஷ் அப் வராதவர்கள் முட்டி போட்டுச் செய்வதைவிட உயரத்தை மாற்றிக்கொண்டு வருவது சுலபம். சுவர், மேஜை, கட்டில் விளிம்பு, படிக்கட்டு, தரை. ஒவ்வொன்றிலும் 3 செட் 10 வந்ததும் அடுத்ததற்கு இறங்குங்கள். எந்தத் தேதியில் எந்த உயரம் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.