சாம்பாரை எதில் கட்டித் தருவது? கடலூர் கடை, புதுச்சேரி கிளை – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டிபன்கடை_கடலூர்:
வணக்கம். திருப்பாப்புலியூரில் சைவ டிபன் கடை. காலையும் இரவும் சேர்த்து நாளைக்கு 120 பார்சல் போகிறது. பிளாஸ்டிக் கைப்பை கொடுப்பதை நிறுத்தியாயிற்று, இட்லி தோசை வாழை இலையில் போகிறது. தீராமல் இருப்பது சாம்பாரும் சட்னியும் கட்டும் மெல்லிய கவர்தான். கவர் இல்லை என்றால் "பக்கத்துக் கடையில கட்டித் தர்றாங்களே" என்று போய்விடுகிறார்கள். சப்ளையர் "மக்கும் கவர்" என்று ஒன்றைக் காட்டுகிறார், விலை இரண்டு மடங்கு. விரைவில் புதுச்சேரியில் கிளை திறக்கிறோம். இரண்டு கடைக்கும் ஒரே சரக்கு வாங்கலாமா? டப்பாவுக்கு மாறினால் அந்தக் காசைப் பில்லில் போடலாமா?

பேக்கிங்_மேட்டர்:
இரண்டு ஊருக்கும் நடுவில் 25 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் விதி வேறு. தமிழ்நாட்டில் 2018 ஜூன் 25-ஆம் தேதி பிளாஸ்டிக் தடை அரசாணை, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் கைப்பைக்கு மைக்ரான் கணக்கே கிடையாது. எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடைதான். துணி மாதிரி இருக்கும் நான்-வோவன் பையும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தட்டும், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில் உண்டு. மத்திய விதிப்படி கைப்பை 120 மைக்ரான் (2022 டிசம்பர் 31 முதல்), நான்-வோவன் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) இருந்தால் போதும். பையில் "120 மைக்ரான்" என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்கிக் கடலூரில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. புதுச்சேரிக்குத் தனி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், தனி ஆணை. தமிழ்நாட்டுப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, புதுச்சேரி ஆணையில் கூடுதலாக எது இருக்கிறதோ அதையும் விலக்கிவிடுங்கள்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் அபராதம் குறைந்தது 10,000 ரூபாய், அதிகபட்சம் 15 லட்சம். உள்ளாட்சி போடும் அபராதம் அது தனி.

"மக்கும் கவர்" பற்றி: ஐஎஸ் 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் கவரிலோ அதில் உள்ள க்யூஆர் குறியிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பச்சைச் சாயம் பூசிய சாதா கவர். சான்று இருந்தாலும், அந்தத் தரம் சோதிக்கப்படுவது 58 டிகிரி சூட்டில் நடக்கும் உர ஆலையை மனதில் வைத்து. கெடிலம் ஆற்றில் விழுந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். இன்னொன்று, சோளமாவு பிளாஸ்டிக் என்று விற்கும் பிஎல்ஏ டப்பா 60 டிகிரி வாக்கிலேயே குழைந்துவிடும். கொதிக்கும் சாம்பாரை ஊற்றினால் மூடி நெளிந்து வழிநெடுக ஒழுகும்.

அலுமினிய ஃபாயில் டப்பா தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் புளி, தக்காளிப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், ரசத்துக்கும் வத்தக்குழம்புக்கும் வேண்டாம். செய்தித்தாளில் மடிப்பதை எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தடுத்திருக்கிறது, மை இறங்கும்.

சமையல்கட்டு:
அண்ணே, கவருக்கு மாற்று தேடுறதுக்கு முன்னாடி கவர் வேண்டாத பார்சல் எத்தனை சதம்னு பாருங்க. சட்னிக்குக் கவரே வேண்டாம். பார்சலுக்குத் தனியா, தண்ணி பாதியாக் குறைச்சு துவையல் பதத்துல அரைச்சு, சின்ன இலைத் துண்டுல மடிச்சு வைக்கலாம். தேங்காய்ச் சட்னி தண்ணியா இருந்தா கவருக்குள்ளயும் சீக்கிரம் புளிக்கும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போறவங்களுக்கு நல்லெண்ணெயில குழைச்ச பொடி தடவின இட்லி. அதுக்கு சாம்பாரே கேக்க மாட்டாங்க.

இலையை அப்படியே மடிச்சா நரம்புக்கு நேரா கிழியும். தணல்ல லேசா வாட்டி, நடுத்தண்டைச் சீவிட்டு, ரெண்டு இலையைக் குறுக்கே வச்சு மடிங்க.

சொந்தப் பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு மூணு விஷயம். தனி மேடை, அதுல தட்டு. கரண்டி அவங்க பாத்திரத்து விளிம்பைத் தொடாம மேலேர்ந்து ஊத்தணும், இல்லன்னா அடுத்த ஆளுக்கும் அந்த அழுக்குதான். அளவுக்கு 200 மில்லி கரண்டி ஒண்ணு. பாத்திரம் பெருசா இருக்குன்னு கூட ஊத்தினா நஷ்டம், குறைச்சா சண்டை.

ஆடிட்டர்_பாண்டி:
பில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பேக்கிங் கட்டணம் போடலாம், ஆனால் முன்பே தெரியும்படி. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம், பைக்குக் கட்டணம் உண்டு என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும் இடத்தில் வாங்கியது நியாயமற்ற வணிக நடைமுறை என்றது. ஆகவே கல்லாவில் அல்ல, ஆர்டர் எடுக்கும் இடத்திலேயே பலகை வையுங்கள்: "டப்பா ரூ. 6. பாத்திரம் கொண்டுவந்தால் இல்லை." பார்சலின் விலைக்குள் ஒளித்துவைத்தால் பாத்திரம் கொண்டுவருகிறவருக்கு எந்த லாபமும் தெரியாது, பழக்கமும் மாறாது. உணவோடு சேர்ந்த கட்டணம் என்பதால் உணவுக்கு உள்ள அதே 5 சதவீத ஜிஎஸ்டிதான் இதற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் மொத்த விற்பனையில் ஒரு சதவீதக் கணக்கில் ஜிஎஸ்டி கட்டும் எளிய திட்டம்) இருக்கிறீர்களா? இருந்தால், கடலூரில் மொத்தமாக வாங்கிப் புதுச்சேரிக் கிளைக்கு அனுப்பாதீர்கள். ஒரே பான் எண் என்றாலும் இரண்டு ஊர் ஜிஎஸ்டி பதிவும் தனித்தனி நபராகக் கருதப்படும். மாவோ மசாலாவோ காலி டப்பாவோ, எது எல்லை தாண்டினாலும் மாநிலங்களுக்கு இடையிலான சப்ளை ஆகிவிடும். காம்போசிஷன் தகுதி போய்விடும். அந்தந்த ஊரில் வாங்கி அந்தந்தப் பதிவில் கணக்கு வையுங்கள்.

டிபன்கடை_கடலூர்:
காம்போசிஷன்தான் சார். நல்லவேளை சொன்னீர்கள். மாவை இங்கிருந்துதான் அனுப்புவதாக இருந்தோம். முன்பணம் வாங்கி எவர்சில்வர் டப்பா கொடுத்தால் ஓடுமா? எத்தனை வாங்க வேண்டும்?

பேக்கிங்_மேட்டர்:
ஓடும், தினம் வருகிறவர்களுக்கு மட்டும். 120 பார்சலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40, டப்பாவில் போகிறது என்று வையுங்கள். ஒரு டப்பா திரும்ப மூன்று நாள். 40 × 3 = 120, கழுவுவதிலும் மூடி காணாமல் போவதிலும் பத்துக்கு ஒன்று கூட்டினால் 132. எடுத்தவுடன் அவ்வளவும் வாங்காதீர்கள். 50 வாங்கி இரவு டிபனுக்கு மட்டும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, மூடிக்கும் டப்பாவுக்கும் ஒரே எண் அடித்தது. மூடி மாறினால் சிலிக்கோன் வளையம் உட்காராது, ஒழுகும்.

முன்பணம் டப்பா விலைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அவர் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் உங்கள் டப்பா சேர்ந்துவிடும்.

ஆடிட்டர்_பாண்டி:
அந்த முன்பணம் விற்பனை அல்ல, திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. தனிக் கணக்கில் வையுங்கள். டப்பா வராமல் போய்ப் பணத்தை எடுத்துக்கொள்ளும்போதுதான் டப்பா விற்றதாகக் கணக்கு.

சமையல்கட்டு:
ஒண்ணு விட்டுப்போச்சு. கவரை நிறுத்திட்டோம்னு பலகை வச்ச கடையில கல்லாவுக்குக் கீழ அரைக் கிலோ கவர் ஒளிஞ்சிருக்கும். சத்தம் போடுற ஆளுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பாங்க. சத்தம் போட்டா கிடைக்கும்னு அடுத்த நாளே ஊருக்குத் தெரியும். திட்டு வாங்குறது பார்சல் கட்டுற பையன். அவன் கையில அந்த முடிவை விடாதீங்க. கவர் கேட்டு யார் சத்தம் போட்டாலும் முதலாளியே எழுந்து வந்து பேசணும். உங்க வீட்டுக்குப் போற பார்சலும் தூக்குலதான் போகணும், ஆளுங்க அதைத்தான் பாப்பாங்க.

பக்கத்துக் கடைப் பிரச்சினைக்கு, அந்தத் தெருவுல இருக்கிற நாலு டிபன் கடையும் ஒரே தேதியில நிறுத்தினாத்தான் தீரும். தனியா நிறுத்துனா முதல் வாரம் ஆள் குறையும், அதையும் கணக்குல வச்சுக்குங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில வாழை சாஞ்சா இலை கிடைக்காது, முகூர்த்த நாள்ல கிடைச்சாலும் விலை ஏறிடும். தைச்ச மந்தாரை இலை இப்பவே வாங்கி ஈரம் படாம பரண்ல வைங்க. கட்டுறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைச்சாப் போதும், நொறுங்காது.